லபுக்கலையில் பனி இல்லை

"அப்பா இன்னும் உங்க வீட்லதானே இருக்காரு?" என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ் கேட்டபோது நிலந்தி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அது முழுப் பொய் இல்லை. அந்த நிமிஷம் வரைக்கும் அவர் ஹெந்தளையில் அவளுடைய வீட்டில்தான் இருந்தார். ஆனால் நாளை மறுநாள் விடியும் முன்பே தம்பி அசேல லொறியோடு வந்து நிற்பான், அப்பாவை ஏற்றிக்கொண்டு நுவரெலியாவைத் தாண்டி மீபிலிமானவில் இருக்கிற சொந்த வீட்டுக்குப் போவார்கள், சித்திரைப் புது வருஷம் கழிந்து அவள் மட்டும் தனியாகத் திரும்பி வருவாள் என்றெல்லாம் பேசி முடிந்திருந்தது. அதை மிஸ் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அப்பாவின் கண்ணில் சொட்டு மருந்தை விட்டுவிட்டு, ஏதோ சொல்ல வாயெடுத்தவர் போல மிஸ் அவளைப் பார்த்தார். அதற்குள் வெளியே வரிசையில் நின்ற யாரோ கதவைத் தட்டவே, மிஸ் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நிலந்திக்கு அப்பாடா என்றிருந்தது.

அப்பா டிங்கிரிபண்டாவுக்கு இருப்பது ஒரே கண். மற்றது இளவயதில் விறகு பிளக்கும்போது சிராய் தெறித்துப் போனது. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு அவர் உருளைக்கிழங்கும் லீக்ஸும் போட்டு இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினார். சீட்டாட்டத்தில் எதிராளியின் கையில் என்ன இருக்கிறது என்பதுகூட அந்தக் கண்ணுக்குத் தெரியும் என்று ஊரில் கேலி செய்வார்கள். போன மாதம் அந்தக் கண்ணில் ஒரு பக்கமாகத் திரை இறங்க ஆரம்பித்தது. விழித்திரை கழன்றுவிட்டது என்று சொல்லிக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே ஆபரேஷன் செய்து, ஒட்டவைத்த திரை விலகாமல் அமுக்கிப் பிடிப்பதற்காகக் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை விட்டார்கள். குமிழி நாளாவட்டத்தில் தானாகக் கரைந்துவிடும். அதுவரைக்கும் ஆஸ்பத்திரிக்குக் கிட்டவே இருக்க வேண்டும், மல்லாந்து படுக்கக் கூடாது, விமானத்தில் ஏறவே கூடாது. விமானம் என்றதும் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டுநாயக்கா விமான நிலையத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை மிஸ் என்றார். எங்கே தங்குவார் என்று மிஸ் கேட்க, குமிழி கரையும்வரை என் வீட்டில்தான் என்று நிலந்தி சொன்னாள். அன்றைக்கு அது உண்மை. அப்படியென்றால் சரி என்று மிஸ் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த விஷயம் ஆபத்தின் அறிகுறிகள். வலி குறையாமல் கூடிக்கொண்டு போனால், வாந்தி வந்தால், கண் சிவந்து கனத்தால், தெரிந்துகொண்டிருந்தது மங்கினால், வீட்டில் இருந்து கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஓடி வாருங்கள் என்று மிஸ் திரும்பத் திரும்பச் சொன்னார். நிலந்தி அதை பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்துவிட்டாள். விகாரையில் பஞ்சசீலம் சொல்கிற ஒழுங்கோடு வலி, வாந்தி, சிவப்பு, மங்கல் என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். அவ்வளவு அக்கறைக்காரியாகத்தான் அவள் ஆரம்பித்தாள்.

ஹெந்தளை வீட்டில் இரண்டே அறைகள். முதல் வாரம் முழுக்க அப்பா முகத்தைக் கவிழ்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. தலையணையை நடுவில் குழித்து, அதில் முகத்தை வைத்துக் கிடப்பார். சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக் குனிந்தபடியே சாப்பிடுவார். உடம்பைச் சும்மா வைத்திருந்து பழகாத மனுஷர். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை, மகள் மணி என்ன, மகள் மழை வருமா, மகள் அந்த லீக்ஸுக்கு மருந்தடிச்சாங்களா என்று தலையணைக்குள்ளிருந்து குரல் வரும். இரவில் புரண்டு மல்லாந்துவிடுவாரோ என்று அவள் பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுத்தாள். தைக்கிற வேலைக்கு லீவு போட்டுப் போட்டு அங்கேயும் முகம் கோணிவிட்டது. புருஷன் ரொஷான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இந்தப் புது வருஷத்துக்கும் நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குத் தனியாகத்தான் போகணுமா என்று ஒரே ஒரு தடவை கேட்டான். அன்று சாயங்காலம் அப்பா சொட்டு மருந்துப் போத்தலைத் தட்டிவிட்டார். தரையில் உருண்ட போத்தலைத் தேடி எடுத்தபடியே, "இன்னும் எத்தன நாளைக்கு இந்தக் கூத்து" என்று அவள் சொன்னாள். யாரிடம் என்று இல்லாமல்தான் சொன்னாள். அறையில் இருந்தது அப்பா மட்டும்தான்.

அதற்குப் பிறகு அவர் மணி கேட்கவில்லை. மறுநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, புது வருஷத்துக்கு அடுப்பு பற்றவைக்கும் நேரத்தில் சொந்த வீட்டில் இருந்தால் நன்றாக இருக்கும், அதற்குப் பிறகு அங்கேயே இருந்துகொள்கிறேன், மருந்துவிட அசேலவின் பெண்டாட்டி இருக்கிறாளே என்று மெதுவாகச் சொன்னார். அவர் யாருக்காக அதைச் சொல்கிறார் என்று நிலந்திக்குத் தெரிந்தது. தெரிந்தும் தெரியாத மாதிரி, உங்கள் ஆசை அப்படியென்றால் சரி அப்பச்சி என்றாள். அசேலவிடம் போனில் பேசியபோது அவன் முதலில் கேட்ட கேள்வி, டொக்டரிடம் கேட்டாயா என்பதுதான். கேட்டேன், போகலாம் என்றார்கள் என்று சொல்லிவிட்டாள். உண்மையில் அவள் கேட்பதாகத்தான் இருந்தாள். அடுத்த தடவை காட்டப் போனபோது டொக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்து, திரை நன்றாக ஒட்டியிருக்கிறது, அழுத்தமும் சரியாக இருக்கிறது என்று சொன்னபோது கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் ஏதாவது ஒரு பதில் வரும். வேண்டாம் என்று வந்துவிட்டால்? பாயையும் தலையணையையும் நினைத்தாள், கேள்வியை விழுங்கிக்கொண்டாள்.

அசேல மரக்கறி லொறி ஓட்டுகிறவன். கொழும்பில் முட்டைக்கோவாவையும் கரட்டையும் இறக்கிவிட்டு, காலிக் கூடைகளோடு இருட்டிலேயே வந்து ஹோர்ன் அடித்தான். மத்தியானத்துக்குப் பிறகு புண்ணிய காலம் தொடங்கிவிடும். அதற்குள் பழைய வருஷத்துச் சாப்பாட்டைச் சாப்பிட்டு அடுப்பை அணைத்துவிட வேண்டும், அதன் பிறகு சாயங்காலம் புது வருஷம் பிறந்து நல்ல நேரம் வரும்வரை யாரும் ஒரு வேலையும் செய்யக் கூடாது. அதனால் வழியில் எங்கும் சுணங்க முடியாது என்று ஏறும்போதே சொல்லிவிட்டான். அப்பா நடுவில் உட்கார்ந்தார். புதுச் சாரம், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. கண்ணுக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டிருந்தார்கள், விடிந்ததும் அதைக் கழற்றச் சொன்னார்.

அவருக்குப் பார்வை திரும்பிக்கொண்டிருந்தது, அதுதான் வேதனை. ஆரம்பத்தில் எல்லாம் கலங்கல்தான். பிறகு ஒரு நாள் காலையில் மேலே ஒரு கோடு தெரிகிறது என்றார். கோட்டுக்கு மேலே தெளிவு, கீழே குமிழியின் தளும்பல். தினமும் அந்தக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டு வந்தது. வெயில் காலத்தில் கிணற்றுத் தண்ணீர் இறங்குகிற மாதிரி என்று அவர் சொல்வார். எழுந்ததும் கோடு எங்கே நிற்கிறது என்று பார்ப்பதே அவருக்கு வேலை. இப்போது கோடு பாதிக்கு வந்துவிட்டது. கேகாலைக்கு முன்னாலேயே கடைப் பலகைகளைக் கோட்டுக்கு மேலாக எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டார். பழக்கடை, ஸ்டூடியோ, டயர் கடை எல்லாவற்றையும் சத்தமாகப் படித்தார். அசேலவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அப்பச்சி, பரீட்சைக்குப் போறீங்களா?" என்றான். நிலந்தியும் சிரித்தாள். நல்லதைத்தான் செய்திருக்கிறோம், பாவம் மனுஷர் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார் என்று அப்போது அவளுக்கே தோன்றியது.

கம்பளையில் அசேல பிள்ளைகளுக்காக மரவள்ளிச் சிப்ஸ் பொட்டலங்களை வாங்கி முன்கண்ணாடிக்குக் கீழே வரிசையாகப் போட்டான். அந்தப் பாதையில் லொறி ஓட்டுகிற எல்லோருக்கும் அது ஒரு விளையாட்டு. கீழே வாங்கும்போது தொளதொளவென்று கிடக்கிற பொட்டலம், மலை ஏற ஏறத் தானாகவே காற்றடித்த மாதிரி உப்பிக்கொண்டு வரும். சின்ன வயதில் அப்பாவோடு சந்தைக்குப் போய்த் திரும்பும்போது அக்காவும் தம்பியும் பொட்டலத்தை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டே வருவார்கள். டம் டம் என்று சத்தம் வந்தால் வீடு கிட்டிவிட்டது என்று அர்த்தம்.

புசல்லாவ கடைத்தெருவைத் தாண்டும்போது அப்பா பலகைகளைப் படிப்பதை நிறுத்திவிட்டிருந்தார். புருவத்தை விரலால் அழுத்திக்கொண்டார். என்ன என்று கேட்டதற்கு, "கோடு மேல ஏறுது மகள்" என்றார். காலையில் மூக்குக்கு நேரே நின்ற கோடு நெற்றிப் பக்கம் போகிற மாதிரி இருக்கிறதாம். குனிந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், அதனால் இருக்கும் என்றாள் நிலந்தி. சொல்லும்போதே தன் குரல் கொஞ்சம் அவசரமாக வருகிறது என்று அவளுக்கே தெரிந்தது. கோடு மேலே ஏறுகிறது என்று அவர் இதுவரை சொன்னதே இல்லை.

றம்பொடைக்குக் கொஞ்சம் முன்னால் அவர் வாந்தி எடுத்தார். அசேல அவசரமாக ஓரங்கட்டுவதற்குள் கஞ்சி போட்ட சட்டை வீணாகிவிட்டது. இறக்கி வாய் கொப்பளிக்க வைத்து, தேங்காய்ப்பூத் துவாயால் நிலந்தி துடைத்துவிட்டாள். அசேல டயரில் சாய்ந்து நின்றபடி, இந்த ரோட்டில் வாழ்நாள் முழுக்கப் போய் வந்த மனுஷர், மூன்று வாரம் மகள் வீட்டில் இருந்ததும் கொழும்புத் துரை ஆகிவிட்டார், வளைவு ஒத்துக்கொள்ளவில்லை என்று கேலி பேசினான். அப்பா சிரிக்கப் பார்த்தார். அவருடைய கண் தக்காளித் தோல் போலச் சிவந்திருந்தது. தண்ணீர் வழிந்தது. தலை பிளக்கிறது என்று சொல்லவில்லை, ஆனால் கன்னத்துத் தசை துடித்துக்கொண்டிருந்தது. வலி, வாந்தி, சிவப்பு என்று நிலந்தியின் உதடு தானாகவே ஆரம்பித்தது. அவள் அதைக் கடித்து நிறுத்தினாள்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அசேல முதலில் கேட்கப் போவது, டொக்டர் போகலாம் என்றுதானே சொன்னார் என்பது. அதோடு பொய் வெளியே வந்துவிடும். வெறும் வயிறு, அதனால்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். டீசல் நாற்றம், வளைவு, அதிகாலைத் தூக்கம் என்று ஒவ்வொரு சாக்காக எடுத்து அடுக்கினாள். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் சரியாகிவிடும். பஞ்சசீலத்தில் நாலாவது பொய் சொல்லாதிருப்பது. ஒவ்வொரு போயாப் பௌர்ணமிக்கும் வெள்ளை உடுத்துக்கொண்டு போய் அதைச் சொல்லிவிட்டு வருகிறவள்தான். லொறி மறுபடியும் ஏற ஆரம்பித்தது. ஒரு வளைவு வந்தால் அடுத்த வளைவில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அடுத்த வளைவில், இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று நினைத்தாள். அப்பா ஒரு கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு மற்றக் கையால் அவள் முழங்காலைப் பிடித்திருந்தார். பிடி இறுகிக்கொண்டே வந்தது. அவளோ முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

லபுக்கலையில் தேயிலை மலை இரண்டு பக்கமும் விரிந்தது. பண்டிகை நாள் என்பதால் கொழுந்து பறிக்க ஆள் இல்லை. வானம் அப்படி ஒரு நீலம். மேல் விளிம்புவரைக்கும் ஒவ்வொரு செடியும் தன் நிழலோடு தனித்தனியாகத் தெரிந்தது. அப்பா கையை முகத்திலிருந்து எடுத்து முன்னால் பார்த்தார்.

"பனி இறங்கிடுச்சே" என்றார். "லைட்டப் போட்டுக்க மகன். பாத்துப் போ."

அசேல சிரித்தான். "பனியா? எங்க அப்பச்சி?"

"இதோ, ரோடே தெரியலயே. இவ்வளவு பனியில எப்படித்தான் ஓட்டுறியோ."

அசேலவின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவன் அக்காவைப் பார்த்தான். நிலந்தி முன்னால் கிடந்த பொட்டலங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் உப்பி, ஒரு சுருக்கம் இல்லாமல் விறைத்துப்போய், லொறியின் அதிர்வில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. அவள் ஒன்றை எடுத்து விரலால் தட்டினாள். டம் என்றது. அப்போதுதான் அவளுக்கு உள்ளே ஏதோ கழன்று விழுந்தது. பொட்டலம் பிளாஸ்டிக், அதனால் உப்பிக்கொள்கிறது. உள்ளே குமிழி வீங்கினால் கண் எங்கே உப்பும்? இத்தனை வருஷம் இதைத் தட்டித் தட்டி விளையாடியவளுக்கு, விமானத்தில் ஏறாதே என்று சொன்னதன் அர்த்தம் இப்போதா விளங்க வேண்டும்.

லொறியை நிறுத்து என்றாள். நிறுத்துவதற்குள் போனை எடுத்து வார்டு நம்பரை அழுத்திவிட்டாள். அதே மிஸ்தான் எடுத்தார். அப்பாவுக்கு வலி, வாந்தி, பார்வை மங்கிவிட்டது என்று நிலந்தி மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். எங்கே இருக்கிறீர்கள், உடனே வண்டி பிடித்து வாருங்கள் என்றார் மிஸ்.

"லபுக்கலையில, மிஸ்."

அந்தப் பக்கம் வார்டில் யாரோ இருமுவது கேட்டது.

"உங்க வீட்லதானேன்னு கேட்டேனே" என்றார் மிஸ். திட்டவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. "மேல ஒரு அடிகூடப் போகாதீங்க. கீழ இறங்குங்க. கண்டிக்குப் போங்க, நான் அங்க பேசுறேன்."

நுவரெலியா ஆஸ்பத்திரி இதோ அரை மணி நேரத்தில் இருக்கிறது, கண்டிக்குத் திரும்பப் போக எவ்வளவு நேரமாகும் என்று யோசித்துப் பார், புண்ணிய காலம் தொடங்கிவிடும் என்று அசேல சத்தம்போட ஆரம்பித்தான். நிலந்தி பொட்டலத்தை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். அப்பச்சியின் கண்ணுக்குள்ளேயும் இதுதான் நடக்கிறது, மேலே போகப் போக இன்னும் இறுகும் என்றாள். அவன் பொட்டலத்தையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"டொக்டர் போகலாம்னு சொன்னாருன்னு நீதானே சொன்ன?"

"நான் கேக்கவே இல்ல தம்பி."

"கேட்டேன்னு சொன்னியே அக்கா."

"பொய் சொன்னேன்."

அவன் அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். நடுவில் உட்கார்ந்திருந்த அப்பாதான் பேசினார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாக வெளியே தள்ளினார்.

"அவள ஏசாத. நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். புது வருஷத்துக்கு வீட்ல இருக்கணும்னு எனக்குத்தான் ஆசை."

அவர் அப்படி எதுவும் சொல்லச் சொல்லவில்லை. மூன்று பேரில் இரண்டு பேருக்கு அது தெரியும். நிலந்தி வாயைத் திறந்தாள், மறுத்துப் பேசத்தான் திறந்தாள், ஆனால் அவருடைய கை அவள் முழங்காலை ஒரு முறை அழுத்தியது. அவள் பேசாமல் இருந்துவிட்டாள். அந்த நாளில் அவள் பேசாமல் இருந்த தடவைகளில் அதுவும் ஒன்று.

அசேல தேயிலைத் தொழிற்சாலை வாசலில் லொறியைத் திருப்பினான். வீட்டுக்குப் போன் போட்டு, நாங்கள் வர மாட்டோம், எங்களைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு அடுப்பை அணைத்துவிடு என்று மட்டும் பெண்டாட்டியிடம் சொன்னான். ஏன் என்று அவள் கேட்பது வெளியே கேட்டது. அவன் போனை வைத்துவிட்டான். எதிரே எல்லா வண்டிகளும் மேலே ஏறிக்கொண்டிருந்தன. பலகாரப் பெட்டியும் புது உடுப்புப் பையுமாகப் பிள்ளை குட்டிகளோடு ஊருக்குப் போகிற சனம். அவர்களுடைய லொறி ஒன்றுதான் கீழே வந்துகொண்டிருந்தது.

நிலந்தி அப்பாவின் நெற்றியைத் தன் கையில் தாங்கிக்கொண்டாள். மற்றக் கையில் அந்தப் பொட்டலம் இருந்தது. றம்பொடையில் அது இன்னும் விறைப்பாகத்தான் இருந்தது. புசல்லாவயில் அமுக்கினால் விரல் கொஞ்சம் உள்ளே போயிற்று. அவளுக்கு வேறு எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை, அதை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கம்பளைக்கு வந்தபோது பொட்டலம் பழையபடி தொளதொளத்துவிட்டது. அப்பா நீளமாக மூச்சு விட்டார். இறுக்கம் விட்ட மாதிரி இருக்கிறது, வலி அவ்வளவு இல்லை என்றார்.

"பனி?" என்று கேட்டாள்.

அவர் முன்னால் பார்த்தார். கம்பளை வெயில் கண்ணைக் கூசவைத்தது. ரோட்டில் வாழைக்குலை ஏற்றிய ஒரு சைக்கிள் குறுக்கே போனது.

"கொறஞ்சிருக்கு மகள்" என்றார். அழுகிற பிள்ளைக்குச் சொல்கிற குரலில் சொன்னார்.

கண்டி ஆஸ்பத்திரியில் பண்டிகை நாளுக்கென்று மிச்சமிருந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆனால் மிஸ் சொன்ன சொல் முந்திக்கொண்டு வந்து சேர்ந்திருந்தது. வாசலிலேயே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். டியூட்டியில் இருந்தது ஒரு சின்னப் பெண் டொக்டர். அழுத்தத்தை அளந்து பார்த்ததும் முகம் மாறிவிட்டது. மெல்லிய ஊசியால் கண்ணிலிருந்து கொஞ்சம் வாயுவை எடுத்தார்கள், ஏதோ மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். நெடுநேரம் கழித்து டொக்டர் வெளியே வந்து, அழுத்தம் இறங்கிவிட்டது, திரை விலகவில்லை என்றாள். ஆனால் கண்ணின் நரம்பு அவ்வளவு நேரம் நசுங்கிக் கிடந்திருக்கிறது. எவ்வளவு பார்வை மிஞ்சும் என்று இப்போது சொல்ல முடியாது, சில நாள் போக வேண்டும்.

"எப்ப வலி தொடங்கினது?" என்று டொக்டர் கேட்டாள்.

புசல்லாவயில் என்றாள் நிலந்தி. எங்கே திரும்பினீர்கள் என்றதற்கு லபுக்கலை என்றாள். டொக்டர் கொழும்புக்காரி போலிருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அவளுக்குத் தெரியவில்லை. நல்ல வேளை, விளங்கிக்கொண்டு கீழே இறக்கினீர்கள், நிறையப் பேர் வளைவு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் படுக்கவைத்துவிடுவார்கள் என்று பாராட்டிவிட்டுப் போனாள். அசேல சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அந்தத் தூரம் தெரியும். ஒவ்வொரு வளைவும் தெரியும்.

சாயங்காலம் வார்டுக் கட்டிலில் அப்பாவைக் கால் தொங்கப்போட்டு உட்காரவைத்திருந்தார்கள். கண்ணைக் கட்டவில்லை, சொட்டு மருந்து விடவேண்டும் என்று திறந்தே வைத்திருந்தார்கள். சட்டையைக் கழற்றி ஆஸ்பத்திரி உடுப்பைப் போட்டிருந்தார்கள். புண்ணிய காலம் என்பதால் மற்றக் கட்டில்காரர்களும் ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பிறகு எங்கோ தூரத்தில் ஒரு வெடி வெடித்தது. உடனே பன்சலை விகாரையின் மணி, அதைத் தொடர்ந்து கண்டிக் குளத்தைச் சுற்றியிருக்கிற மலைச்சரிவு முழுக்கப் பட்டாசு. புது வருஷம் பிறந்துவிட்டது.

அசேல வெளியே போய் எங்கிருந்தோ வெற்றிலை வாங்கி வைத்திருந்தான். பாதியை எண்ணி அக்காவின் கையில் கொடுத்தான். முதலில் அவன் அப்பாவின் மடியில் வெற்றிலையை வைத்து, முழந்தாளிட்டுக் கும்பிட்டு எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டான்.

நிலந்தி கட்டிலுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பட்டாசு வெளிச்சம் சன்னலில் விட்டு விட்டு வந்தது. அப்பாவின் முகம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தெரிகிறதா என்று கேட்க நினைத்தாள். கேட்டால், கொறஞ்சிருக்கு மகள் என்பார். கேட்கவில்லை. வெற்றிலையை அவர் கையில் பிடித்து வைத்துவிட்டுத் தரையில் முழந்தாளிட்டாள். அவருடைய பாதத்தில் நெற்றி படும்வரை குனிந்தாள். சந்தைக்கும் கொல்லைக்கும் நடந்து வெடித்த பாதம், ஹெந்தளையில் மூன்று வாரம் மண் படாமல் வெளுத்திருந்தது. மன்னிச்சிடுங்க அப்பச்சி என்று உதட்டுக்குள் மட்டும் சொன்னாள்.

"புத்தர் துணை மகள்" என்று மேலே அவர் குரல் கேட்டது. "நல்லா இருக்கணும்."

ஆசீர்வாதத்துக்குத் தலையில் கை விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை. மெல்ல நிமிர்ந்து பார்த்தாள். அவருடைய கை அவளுக்கு வலது பக்கமாக, ஒரு சாண் தள்ளி, ஒன்றுமில்லாத காற்றின் மேல் விரித்தபடி நின்றுகொண்டிருந்தது. கொஞ்சம் இறங்கித் தேடியது. முகத்தில் அதே பழைய சிரிப்பு.

நிலந்தி சத்தமில்லாமல் முழங்காலால் நகர்ந்துபோய், அந்தக் கைக்குக் கீழே தன் தலையைக் கொண்டுபோய் வைத்தாள்.